வலிப் பொட்டலத்தை நிறுத்திய பிறகு ஹார்மோன் எப்போது சரியாகும்?

பர்மாவின் பெகுவிலிருந்து எழுதியிருக்கும் சகோதரி கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வயது 41. முழங்கால் வலிக்காகப் பக்கத்து மருந்துக் கடையில் கட்டித் தரும் பொட்டலத்தை இரண்டு வருடமாகத் தினம் இரண்டு வேளை சாப்பிட்டிருக்கிறார். உடம்பு ஏறிவிட்டது, முகம் உப்பிவிட்டது, மாதவிடாய் முன்னே பின்னே போகிறது, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஃபேஸ்புக்கில் "ஹார்மோன் சிக்னலை மீட்கும்" பவுடர் ஒன்றின் விளம்பரத்தைப் பார்த்து 90 நாள் கோர்ஸ் வாங்கியிருக்கிறார். வேறு எந்த மாத்திரையும் கூடவே சாப்பிடக் கூடாது என்று விற்றவர் சொன்னதால் பொட்டலத்தை இரண்டு வாரம் முன்பு ஒரேயடியாக நிறுத்திவிட்டார். இப்போது காலையில் எழ முடியாத அசதி, குமட்டல், எழுந்து நின்றால் தலைசுற்றல், மூட்டு மூட்டாக வலி. "செல்லில் அடைத்திருந்த நச்சு வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்கிறாராம் விற்றவர். பவுடர் உண்மையிலேயே வேலை செய்யுமா, எத்தனை மாதத்தில் ஹார்மோன் சரியாகும் என்பது அவர் கேள்வி.

சகோதரி, நீங்கள் பவுடரைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது நடுவில் போகிறபோக்கில் எழுதிய அந்த ஒரு வரி, இரண்டு வருடம் சாப்பிட்டதை ஒரே நாளில் நிறுத்தியது. அதனால் பவுடரைப் பிறகு பார்ப்போம். நான் ரங்கூனில் பொது மருத்துவம் பார்ப்பவன், ஹார்மோன் நோய்களுக்கென்று தனிப் பட்டம் வாங்கியவன் இல்லை, ஆனால் இந்தப் பொட்டலங்களால் முகம் வீங்கி வருபவர்களையும் அதை நிறுத்திவிட்டுச் சுருண்டு படுத்துவிடுபவர்களையும் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். உங்களை நேரில் பார்க்காமல், ரத்தம் சோதிக்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. என்றாலும் உங்கள் கதை எங்கே போகிறது என்பது ஓரளவு தெளிவாகவே தெரிகிறது. இன்றோ நாளையோ ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள், 90 நாள் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பொட்டலத்தில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது, கடைக்காரரும் சொல்லியிருக்க மாட்டார். பொதுவாக நான் பிரித்துப் பார்க்கும் பொட்டலங்களில் ஐந்தாறு மாத்திரை இருக்கும். பெரிய வெள்ளை மாத்திரை பாரசிட்டமால். அதோடு டைக்ளோஃபினாக் மாதிரி ஒரு வலி மாத்திரை, ஒரு வைட்டமின், பசி எடுப்பதற்கும் தூக்கம் வருவதற்கும் சைப்ரோஹெப்டடின் மாதிரி ஒன்று. அப்புறம் இவற்றுக்கிடையே கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவில் ஒரு குட்டி மாத்திரை, சில பொட்டலத்தில் இரண்டு. அந்தக் குட்டி மாத்திரைதான் பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன் அல்லது பிரெட்னிசோலோன், அதாவது ஸ்டீராய்டு. சாப்பிட்ட முதல் நாளே வலி பறந்துவிட்டது, ஒரே வாரத்தில் பசி பிய்த்துக்கொண்டு வந்தது, சில மாதத்தில் முகம் வட்டமானது என்றால் சந்தேகம் வலுக்கிறது, வெறும் பாரசிட்டமால் இதில் எதையும் செய்யாது. ஒரு பொட்டலம் மிச்சம் இருந்தால் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சில அடையாளங்கள் உண்டு. கை கால் மெலிந்து வயிறும் முகமும் மட்டும் பெருத்திருக்கிறதா, பின்கழுத்துக்குக் கீழே கொழுப்பு திரண்டிருக்கிறதா, லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகிறதா, வயிற்றிலோ தொடையிலோ விரல் அகலத்துக்குச் செவ்வூதாக் கோடுகள் விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். நான் வழக்கமாகச் செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது. டீக்கடையில் போட்டிருக்கும் குட்டை பிளாஸ்டிக் ஸ்டூல் மாதிரி ஒன்றில் உட்காரச் சொல்லி, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொல்வேன். ஸ்டீராய்டு தொடைத் தசையைத் தின்றிருந்தால் அவர்களால் எழ முடியாது, முதலில் உடம்பை முன்னால் சாய்ப்பார்கள், அப்புறம் தன்னையறியாமல் கை முழங்காலுக்குப் போகும். முழங்கால் தேய்ந்துவிட்டது என்று நினைத்து வருபவர்களில் சிலருக்கு மூட்டைவிடத் தசைதான் அதிகம் போயிருக்கும். நீங்கள் செய்து பார்ப்பதானால் பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு செய்யுங்கள், இப்போது தலைசுற்றல் வேறு இருக்கிறது.

இனி சிக்னல் என்று விளம்பரத்தில் சொல்கிறார்களே, அது உடம்பில் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இரண்டு சிறுநீரகத்தின் தலையிலும் ஆளுக்கு நாலைந்து கிராம் எடையில் அட்ரீனல் என்ற சுரப்பி இருக்கிறது. கார்ட்டிசோல் என்ற ஹார்மோனை அது சுரக்கிறது. ரத்த அழுத்தம் விழாமல் இருப்பதும், சாப்பிடாத நேரத்தில் சர்க்கரை இறங்காமல் இருப்பதும், காய்ச்சல் வந்தால் உடம்பு தாங்குவதும் கார்ட்டிசோலால்தான். ஆனால் அட்ரீனல் தானாக முடிவெடுத்துச் சுரப்பதில்லை. மூளையில் ஹைப்போதலாமஸ் சொல்ல, பிட்யூட்டரி ஏசிடிஹெச் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விட, அது வந்து தட்டினால்தான் அட்ரீனல் சுரக்கும். விடியற்காலையிலிருந்து எட்டு மணி வரை அதிகம், நடு ராத்திரியில் மிகக் குறைவு. கார்ட்டிசோல் போதுமான அளவு ஓடுகிறது என்று தெரிந்தால் மூளை உத்தரவைக் குறைத்துக்கொள்ளும், மேல்தொட்டி நிரம்பியதும் மிதவை மேலே வந்து மோட்டாரை நிறுத்துவது போல. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தாலும் மூளைக்கு வித்தியாசம் தெரியாது, நிறைய இருக்கிறது என்று உத்தரவை நிறுத்திவிடும்.

கணக்கைப் பாருங்கள், எனக்கு இதுதான் மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஒருவர் உடம்பு ஒரு நாளைக்குச் சுரக்கும் கார்ட்டிசோலுக்குச் சமமாக பிரெட்னிசோலோன் எவ்வளவு என்றால் சுமார் 3 முதல் 5 மில்லிகிராம். டெக்ஸாமெத்தசோன் அதைவிடப் பல மடங்கு வீரியம், 0.75 மில்லிகிராமே 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம், அதன் வேலையும் ஒன்றரை நாளுக்கு மேல் நிற்கும். அந்தக் குட்டி மாத்திரை பெரும்பாலும் 0.5 மில்லிகிராம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்றால் நாளைக்கு 1 மில்லிகிராம் ஆகிவிட்டது, உடம்பு தானே சுரப்பதைவிட அதிகம், அதுவும் ராத்திரியில் அடங்க வேண்டிய நேரத்திலும். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் இப்படிப் போனால் மூளையின் உத்தரவு அடங்கிவிடும் என்று எடுத்துக்கொண்டுதான் நாங்கள் சிகிச்சை செய்கிறோம். உங்களுக்கு இரண்டு வருடம். தட்டுவதற்கு ஆளில்லாமல் அட்ரீனலில் கார்ட்டிசோல் சுரக்கும் பகுதி சுருங்கிப்போயிருக்கலாம். கார்ட்டிசோலை ஏற்றுக்கொள்ளும் ரிசெப்டர்கள் அடைத்திருப்பதாக விளம்பரம் சொல்கிறது, உண்மையில் உங்கள் ரிசெப்டர்கள் இந்த இரண்டு வருடமும் நன்றாகவே வேலை செய்தன, அளவுக்கு மீறி வேலை செய்ததால்தான் முகமும் வயிறும் இப்படி ஆயின.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் குழுவினர் முடக்குவாதத்தில் படுத்திருந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாக கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள், சில நாளில் அவர் நடந்தார். 1950-லேயே ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1952-ல், கார்ட்டிசோன் சாப்பிட்டுவந்த ஒருவர் அதை நிறுத்திவிட்டு இடுப்பில் அறுவைசிகிச்சை செய்துகொண்டு, ரத்த அழுத்தம் விழுந்து மீளாமல் இறந்துபோனது மருத்துவ இதழில் பதிவானது, பிரேதப் பரிசோதனையில் அட்ரீனல் சுருங்கியிருந்தது. மருத்துவ உலகத்துக்கு எழுபது வருடத்துக்கு மேலாகத் தெரிந்த இந்த ஆபத்து, பொட்டலம் வாங்குபவருக்கு மட்டும் இன்னும் தெரியாமல் இருக்கிறது. எனக்குக் கோபம் வருவது அங்கேதான். கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதைவிட, கையில் இருக்கும் காசுக்குக் கடையில் வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போவதுதான் நடக்கும். அதற்காக உங்களையோ உங்களைப் போன்றவர்களையோ நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன்.

சரி, இப்போது உங்களுக்கு இருக்கும் தொந்தரவு என்ன? இரண்டு சாத்தியம். ஒன்று, உங்கள் அட்ரீனல் இன்னும் விழிக்கவில்லை, உடம்பில் கார்ட்டிசோல் உண்மையாகவே பற்றாக்குறை. அசதி, குமட்டல், எழுந்தால் தலைசுற்றல், பசியின்மை எல்லாம் அதற்குப் பொருந்தும். இன்னொன்று, கார்ட்டிசோல் ஓரளவு இருக்கிறது, ஆனால் அதிக அளவுக்குப் பழகிய உடம்பு குறைந்த அளவைத் தாங்காமல் தவிக்கிறது. இதிலும் மூட்டு, தசை வலி, அசதி, மனச்சோர்வு எல்லாம் வரும். பழைய முழங்கால் வலிதான் திரும்பிவிட்டது என்று நினைத்து நிறையப் பேர் பொட்டலத்துக்கே திரும்பிப் போய்விடுவது இந்தக் கட்டத்தில்தான். இரண்டையும் அறிகுறியை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது, ரத்தப் பரிசோதனை வேண்டும். ஆனால் நச்சு வெளியேறுகிறது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆபத்தைக் காட்டும் அறிகுறியை மருந்து வேலை செய்வதன் அடையாளம் என்று சொல்லி ஒரு பெண்ணை வீட்டில் படுக்க வைத்திருப்பது பெரிய தப்பு, இதை விற்பவர்கள் யாராவது படித்தால் படிக்கட்டும் என்றுதான் அழுத்தி எழுதுகிறேன்.

டாக்டரிடம் போனதும் முதலில் சொல்ல வேண்டியது, "இரண்டு வருடம் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படும் மருந்து சாப்பிட்டேன், இந்தத் தேதியில் நிறுத்தினேன்" என்பது. இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் அசதி, வாந்தி என்று மட்டும் சொன்னால் வயிற்றுக் கோளாறு என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. காலை எட்டு மணி வாக்கில் எடுக்கும் ரத்தத்தில் கார்ட்டிசோல் பார்க்க வேண்டும், மத்தியானம் எடுத்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. கூடவே சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), டிஎஸ்ஹெச் (தைராய்டு பரிசோதனை), ரத்த அணு எண்ணிக்கை, கர்ப்பப் பரிசோதனை. (மாதவிடாய் தள்ளிப்போகிறது, குமட்டுகிறது என்று 41 வயதில் ஒருவர் சொன்னால் கடைசியில் சொன்னதையும் பார்த்துவிடுவதுதான் முறை.) 2024-ல் ஐரோப்பிய, அமெரிக்க ஹார்மோன் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல்படி காலை கார்ட்டிசோல் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் அச்சு, அதாவது மூளையிலிருந்து அட்ரீனல் வரையிலான அந்த உத்தரவுச் சங்கிலி, மீண்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம், லேப் தாளில் நானோமோல் கணக்கு இருந்தால் அது 300. 5-க்குக் கீழே, அதாவது 150 நானோமோலுக்குக் கீழே இருந்தால் இன்னும் மீளவில்லை, கார்ட்டிசோலுக்கு ஈடாகக் கொடுக்கும் மாற்று மருந்து தொடர வேண்டும், சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இடையில் இருந்தால் குறைந்த அளவு மருந்தோடு காத்திருந்து சில வாரத்தில் திரும்ப எடுக்கலாம். ஒரு நுணுக்கம்: பிரெட்னிசோலோன் உடம்பில் இருந்தால் சில லேப் கருவிகள் அதையும் கார்ட்டிசோல் என்றே எண்ணிவிடும், டெக்ஸாமெத்தசோன் அப்படிக் கணக்கில் வராது. அதனால் கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

நிற்காத வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல், கடும் வயிற்றுவலி, காய்ச்சலோடு உடம்பு சில்லிட்டுப் போவது, இவற்றில் எது வந்தாலும் பரிசோதனைக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது, நேரே அவசரப் பிரிவு. அங்கே ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியும் உப்புநீர் டிரிப்பும் போடுவார்கள், சந்தேகம் இருந்தாலே போட்டுவிடுவதுதான் விதி, முடிவு வரும்வரை காத்திருப்பதில்லை. வீட்டில் உள்ளவர்களிடம் இன்றைக்கே இதைச் சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் உங்களால் பேச முடியாமல் போகலாம்.

கார்ட்டிசோல் குறைவாக இருந்தால் டாக்டர் திரும்ப ஸ்டீராய்டுதான் எழுதுவார், அதைப் பார்த்து மிரண்டுவிடாதீர்கள். அளவு தெரியாத, வேளை கெட்ட பொட்டலத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. உடம்பு சுரக்க வேண்டிய அளவுக்கு மட்டும் ஹைட்ரோகார்ட்டிசோனோ பிரெட்னிசோலோனோ கொடுப்பார்கள், அதிலும் பிரெட்னிசோலோன் என்றால் காலையில் ஒரே வேளை, ராத்திரியில் எதுவும் இருக்காது, அந்த இடைவெளியில்தான் மூளை மெல்லத் திரும்ப உத்தரவு போட ஆரம்பிக்கும். எத்தனை மாதம் என்று கேட்டீர்கள். 1965-ல் வெளியான ஒரு ஆய்வு இந்த வரிசையை நன்றாகக் காட்டியது: முதலில் பிட்யூட்டரி விழித்து ஏசிடிஹெச்சை வழக்கத்தைவிட அதிகமாகவே விடுகிறது, ஆனாலும் சுருங்கிய அட்ரீனல் எழுந்துவர இன்னும் பல மாதம் பிடிக்கிறது, சிலருக்கு ஒன்பது மாதம் வரை ஆனது. என் அனுபவத்திலும் சிலர் சில வாரத்தில் தேறுகிறார்கள், சிலருக்கு ஒரு வருடத்தை நெருங்குகிறது, ஆரம்பத்தில் பார்த்து யார் எந்தப் பக்கம் என்று என்னால் கணிக்க முடிவதில்லை. பெரும்பாலானவர்களுக்குத் திரும்பிவிடுகிறது என்பது மட்டும் உறுதி. அதை வேகப்படுத்தும் உணவோ மூலிகையோ கஷாயமோ இருப்பதாக நம்பத்தக்க ஆதாரம் இல்லை, பாதுகாப்பாகக் காத்திருக்க வைப்பதுதான் சிகிச்சை.

அந்தக் காத்திருக்கும் மாதங்களில் இரண்டு விஷயம். காய்ச்சல் வந்தால் மாற்று மருந்தை இரட்டிப்பாக்க வேண்டும், மாத்திரை வயிற்றில் தங்காமல் வாந்தி எடுத்தால் ஊசிக்குப் போக வேண்டும், பல் பிடுங்குவதானாலும் ஆபரேஷன் என்றாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இன்னொன்று விரதம். நம்மவர்கள் காவடிக்கும் தீமிதிக்கும் நாள் கணக்கில் ஒரு வேளைச் சாப்பாட்டோடு இருப்பதும், உச்சி வெயிலில் கோயிலைச் சுற்றி வருவதும் உண்டு. அட்ரீனல் மீளும்வரை இதைத் தள்ளி வையுங்கள். வேண்டுதல் இருந்தால் வீட்டில் வேறொருவர் உங்களுக்காக எடுக்கட்டும், அடுத்த வருடம் நீங்களே போகலாம்.

இப்போது பவுடர். நீங்கள் அனுப்பிய படத்தில் அமுக்கரா (அஸ்வகந்தா), அதிமதுரம், இன்னும் சில பெயர்கள் போட்டிருக்கிறது. அமுக்கரா கார்ட்டிசோலைக் குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன, ஆய்வுகள் சிறியவை, காலம் குறைவு, அதனால் அதைப் பெரிதாக நம்பவும் மாட்டேன், முழுக்கத் தள்ளவும் மாட்டேன். ஆனால் அது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் கார்ட்டிசோல் ஏற்கெனவே காய்ந்து கிடக்கும் உங்களுக்கு அதைக் குறைக்கும் பொருள் எதற்கு? அமுக்கரா சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்த நிகழ்வுகளும், தைராய்டு அளவு ஏறிய நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன, டென்மார்க் 2023-ல் அதைத் தடையே செய்துவிட்டது. அதிமதுரம் இருமலுக்கு ஒரு துண்டு மெல்வதில் ஒன்றுமில்லை, தினமும் அதிக அளவில் சாப்பிட்டால் கார்ட்டிசோலைச் சிறுநீரகத்தில் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுத்து, ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கிவிடும். இது சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமானது. உங்கள் ரத்தப் பரிசோதனையை அது குழப்பவும் செய்யும். இன்னொரு பயம், மூலிகை என்று விற்கும் பொடிகளிலேயே டெக்ஸாமெத்தசோன் கலந்திருப்பதைக் கண்டுபிடித்துச் சிங்கப்பூர் சுகாதார அதிகாரிகள் பலமுறை எச்சரிக்கை விட்டிருக்கிறார்கள். உங்கள் பவுடரில் அப்படி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பவுடர் ஆரம்பித்த மூன்றாம் நாளே அசதியும் வலியும் மாயமாகப் பறந்துபோனால் சந்தோஷப்படாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். இப்போதைக்கு அதை மூடி வைத்துவிடுங்கள்.

உடம்பு ஏறியதும் சர்க்கரையும் உங்களை அதிகம் வருத்துகிறது என்று கடிதத்தில் தெரிகிறது. ஸ்டீராய்டு கல்லீரலிலிருந்து சர்க்கரையைக் கூடுதலாக வெளியே விட வைக்கும், தசை அதை எடுத்துக்கொள்வதையும் தடுக்கும். அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை நன்றாக ஏறியிருக்கும், காலை வெறும் வயிற்றில் பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது, எல்லைக்கோடு என்று உங்களுக்குச் சொன்னது வெறும் வயிற்று அளவாக இருந்தால் நிலைமை அதைவிட மோசமாக இருந்திருக்கலாம். ஸ்டீராய்டு போன பிறகு இதில் ஒரு பகுதி தானாகவே இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது உங்களுக்குள் ஏற்கெனவே சர்க்கரை நோய்க்கான வாகு எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்தது. நம் இனத்தவருக்கு மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது, அதனால் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்கிறோம்.

இன்சுலின் சிக்னல் மந்தமாவதை மீட்க முடியும் என்பதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது. பிரிட்டனில் ராய் டெய்லரும் மைக் லீனும் நடத்தி 2017-ல் வெளியிட்ட டைரக்ட் என்ற பெயருள்ள ஆய்வில், சர்க்கரை நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள் உணவைக் கடுமையாகக் குறைத்து எடை இறங்கியபோது, ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே வந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் அது 86 சதவீதம். கல்லீரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்பு கரைந்ததுதான் காரணம் என்று அவர்கள் விளக்குகிறார்கள். ஆனால் இரண்டாம் வருடத்தில் அந்த 46 சதவீதம் 36 ஆகிவிட்டது, எடை திரும்பியவர்களுக்கு நோயும் திரும்பியது, அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தசையைப் பொறுத்தவரை நடையே மருந்து. தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் உத்தரவுக்குக் காத்திராமல் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும், அந்தப் பலன் ஒன்றிரண்டு நாள் நிற்கும். சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலும் போதும். ஆனால் நீங்கள் இப்போதே தொடங்க வேண்டாம், பட்டினி, கடும் உடற்பயிற்சி இரண்டும் கார்ட்டிசோல் இல்லாத உடம்புக்கு ஆகாது. முடிவு கைக்கு வந்து, டாக்டர் சரி என்ற பிறகு ஆரம்பியுங்கள். அதுவரை கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிய டீயை நாளைக்கு ஒன்றாக்குங்கள், தட்டில் சோற்றைக் குறைத்துப் பருப்பையும் மீனையும் கூட்டுங்கள், உப்பைக் குறைக்க வேண்டாம். தூக்கமும் இதில் சேரும், சிகாகோவில் ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்கவைத்துப் பார்த்து 1999-ல் எழுதினார்கள், அந்த ஆறே நாளில் சர்க்கரையைக் கையாளும் திறன் இறங்கிவிட்டது. கரண்டு போய்ப் புழுங்கும் ராத்திரிகளில் தூங்கு என்று சொல்வது எளிது என்று எனக்கும் தெரியும், முடிந்தவரை படுக்கும் நேரத்தையாவது மாற்றாமல் வையுங்கள்.

மாதவிடாய் பற்றிச் சுருக்கமாக. அதிக ஸ்டீராய்டு, மூளை சினைப்பைக்கு அனுப்பும் உத்தரவையும் அடக்கும், அதனால் முறை தவறியிருக்கலாம், அச்சு மீளும்போது இதுவும் சேர்ந்து சரியாவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் 41 வயதில் தைராய்டு, கருப்பை நார்க்கட்டி, மாதவிடாய் நிற்கும் காலத்தின் தொடக்கம் என்று வேறு காரணங்களும் உண்டு, ஆறு மாதம் கழித்தும் ஒழுங்குக்கு வராவிட்டால், அல்லது உதிரம் அதிகமானால், பெண்கள் மருத்துவரைப் பாருங்கள். டிஎஸ்ஹெச்சை இப்போது ஒருமுறை எடுத்தாலும் ஸ்டீராய்டின் தாக்கத்தில் அது லேசாகத் தவறாகக் காட்டலாம், ஒரே முடிவை வைத்துத் தைராய்டு மாத்திரை தொடங்க அவசரப்பட வேண்டாம். அதைவிட முக்கியம், கார்ட்டிசோல் குறைவாக இருக்கும்போது தைராய்டு மாத்திரையை முதலில் கொடுத்தால் நிலைமை மோசமாகும், கார்ட்டிசோலைச் சரிசெய்துவிட்டுத்தான் அது.

முழங்காலை விட்டுவிட்டால் இத்தனையும் வீண், வலி தாங்காமல் மறுபடி அதே கடைக்குப் போய்விடுவீர்கள். காலையில் மூட்டு ஒரு மணி நேரம் போல இறுகியிருக்கிறதா, விரல் கணுக்களும் வீங்குகின்றனவா? அப்படியானால் அது முடக்குவாதமாக இருக்கலாம், அதற்குத் தனி மருந்து உண்டு, ஸ்டீராய்டு அதை இரண்டு வருடம் மூடி மறைத்திருக்கும். இல்லை, நடந்தால்தான் வலி, உட்கார்ந்தால் தேவலை என்றால் தேய்மானம். அதற்கு மேலே தடவும் டைக்ளோஃபினாக் ஜெல், அளவோடு பாரசிட்டமால், அப்புறம் தொடைத் தசைக்கான பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடித்துவிட்டு இறக்குவதுதான் நான் முதலில் சொல்லித் தருவது, ஸ்டீராய்டில் தேய்ந்த தசைக்கும் அதுவே மருந்து. தசை மெதுவாகத்தான் திரும்பும், மாதக் கணக்கு. மலம் கறுத்துத் தார் மாதிரி போனால் உடனே சொல்லுங்கள், வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்து வயிற்றைப் புண்ணாக்கியிருக்கக்கூடும்.

கடைசியாக, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து. உங்கள் மாமியாரும் அதே கடையில் அதே பொட்டலம் வாங்குகிறார் என்று எழுதியிருந்தீர்கள். பயந்துபோய் அவர் பொட்டலத்தை இன்று ராத்திரி பிடுங்கிவிடாதீர்கள். அவரையும் கூடவே டாக்டரிடம் அழைத்துப் போங்கள், அளவு தெரிந்த மருந்துக்கு மாற்றிப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும், வயதானவருக்கு இந்த இறக்கம் இன்னும் மெதுவாக இருக்கும். முகம் வெளுக்க என்று விற்கும் கிரீம்களைப் பல மாதம் முகம் முழுக்க, உடம்பு முழுக்கப் பூசுபவர்களுக்கும் இதே ஆபத்து ஓரளவு உண்டு, சிலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. ஆனால் ஆஸ்துமாவுக்கு டாக்டர் கொடுத்த இன்ஹேலரை ஸ்டீராய்டு என்று கேள்விப்பட்டு நிறுத்திவிடாதீர்கள், அதன் அளவு பொதுவாகச் சிறியது, நிறுத்தினால் மூச்சுத் திணறல்தான் மிஞ்சும். காலை கார்ட்டிசோல் முடிவு வந்ததும் எண்ணையும், எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள் என்பதையும் இங்கேயே எழுதுங்கள், அடுத்து டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.